நீலமாகத் திரும்பிய அலை

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டத்தம்மா என்று பெயர். வைத்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் அவள் பொறியாளர். எந்தக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஸ்ப்ரெட்ஷீட் என்கிற விரிதாளைத் திறந்து கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதென்றாலும் கட்டம்தான், அம்மாவின் மாத்திரைகளுக்கும் கட்டம்தான். "எங்க அக்காகிட்ட பிறந்த தேதியைச் சொல்லிடாதீங்க, கட்டம் போட்டு ஆயுசைக் கணக்குப் பண்ணிடுவா" என்று டீ குடிக்கிற நேரத்தில் தம்பி ஒருநாள் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் முறைத்தாளே தவிர, உள்ளூர அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தம்பிக்கும் அதே நிறுவனத்தில்தான் வேலை. சேர்த்துவிட்டதே அவள்தான். ஆனால் அவளுக்கு ஏசி அறை, அவனுக்கு வெயில். ஆற்றின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த பாலத்துக்குப் பைல் இறக்கும் குழுவுக்கு அவன் சூப்பர்வைசர். பைல் என்பது காங்கிரீட்டில் வார்த்த நீளமான தூண். அதைக் கிரேனில் தூக்கி நிறுத்தி, பல டன் எடையுள்ள சுத்தியலை அதன் தலைமேல் மறுபடி மறுபடி விழவைத்து, ஆற்றுச் சேற்றைத் தாண்டிக் கெட்டித்தரை வரும்வரை அடித்து இறக்குவார்கள். சுத்தியல் நேராகத் தலையில் விழுந்தால் காங்கிரீட் நொறுங்கிவிடும். அதனால் நடுவில் ப்ளைவுட் பலகைகளை அடுக்கி ஒரு மெத்தை வைப்பார்கள். ஆட்கள் அதைக் குஷன் என்பார்கள்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே அம்மாவும் தம்பியும், மாடியில் அவளும் அவள் கணவரும். காலையில் தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் அவள் வேலைக்குப் போவாள். வழியெல்லாம் சண்டைதான். ஹெல்மெட்டுக்குள் அவன் பேசுவது பாதி காதில் விழாது. விழாத பாதிக்கும் சேர்த்து அவள் பதில் சொல்வாள். வேலையிடத்தில் நாலு பேர் முன்னால் அவன் அவளை "மேடம்" என்பான். சொல்லும்போதே அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு நெளியும்.

அந்த வருஷம் மழை நின்று ஆற்றில் தண்ணீர் வடிந்தபோது மேற்குக் கரைப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்த பைல்களில் விரிசல் தெரிந்தது. மேலிருந்து கீழாக ஓடிய விரிசல் இல்லை. தூணின் நடுப்பகுதியில், வளையல் போட்டாற்போல் சுற்றிலும் மெல்லிய கோடு. ஒன்றில் இருந்தால் தற்செயல் என்று விடலாம். அந்தப் பக்கம் நின்ற பைல்களில் பாதிக்குமேல் அந்த வளையல் இருந்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ப்ராஜெக்ட் மேனேஜர் யோசிக்கவே இல்லை. "வார்ப்புல கோளாறு" என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். பைல் வார்க்கும் யார்டுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் சாந்து மாமா என்று கூப்பிடுவார்கள். ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். சிமென்ட்டில் கை வைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் பேச்சு எல்லோர் காதுக்கும் போயிருந்தது. சாந்து மாமா யார்டு ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாராவது போனால் எழுந்து நிற்பார். போய்விட்டால் உட்காருவார். அவ்வளவுதான் அவருக்கு வேலை.

தலைமை அலுவலகத்திலிருந்து சீஃப் இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்குக் காரணம் வேணும்மா. கணக்கோட வேணும்."

இந்த மாதிரிக் கணக்கைப் போடுவதற்கென்றே பெரிய மென்பொருள் உண்டு. அது வெளியில் ஓர் ஆலோசகரிடம் இருந்தது. அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மாதக்கணக்கில் ஆகும். "நானே போட்டுப் பாக்குறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். யோசனை எளிமையானது. பைலை ஒரே தூணாகப் பார்க்காமல் சின்னச்சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்வது. விரிதாளில் இடமிருந்து வலமாகப் போனால் தூணின் தலையிலிருந்து அடிவரை, ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டு. மேலிருந்து கீழாக இறங்கினால் நேரம், ஒரு வரிசைக்குக் கண்ணிமைப்பதற்குள் அடங்கிவிடும் ஒரு துணுக்கு. ஒவ்வொரு கட்டமும் மேல்வரிசையைப் பார்க்கும். போன நொடித்துணுக்கில் தான் எங்கே இருந்தோம், அக்கம்பக்கத்துத் துண்டுகள் தன்னை எவ்வளவு நெருக்குகின்றன, எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்துத் தன் புது இடத்தை முடிவுசெய்யும். ஒரு வரிசைக்குச் சூத்திரத்தை எழுதிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பிடித்துக் கீழே இழுக்கிற வேலைதான்.

முதலில் இழுத்தபோது எண்களுக்குப் பேய் பிடித்துவிட்டது. நாலைந்து வரிசைக்குள் கோடி, கோடானுகோடி என்று எகிறி, கடைசியில் கட்டங்கள் எல்லாம் எண்ணைக் காட்டவே மறுத்துவிட்டன. கொஞ்சநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் உறைத்தது. நேரத்துணுக்கைத் தாராளமாக எடுத்துவிட்டாள். அடியின் அதிர்ச்சி ஒரு துண்டைத் தாண்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட அந்தத் துணுக்கு சிறியதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துவீட்டுக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் எதிர்வீடு இடிந்துவிட்ட கதையாகிவிடும். துணுக்கைச் சுருக்கினாள். எண்கள் அடங்கின.

நெருக்கத்துக்குச் சிவப்பு, இழுவைக்கு நீலம் என்று கட்டங்களுக்கு நிறம் வரும்படி செய்தாள். செய்து முடித்து விரல் எடுத்தபோது திரை முழுக்க ஒரு சிவப்புப் பட்டை மேலிருந்து சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தியல் அடித்த அடி தூணுக்குள் ஓடுவது அது. யாரும் கண்ணால் பார்க்க முடியாத ஒன்று அவள் சாப்பாட்டு மேஜையில் ஓடியது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த நேரம் பார்த்து இஸ்திரிப் பெட்டியைக் கேட்டுக்கொண்டு தம்பி மேலே வந்தான்.

"என்னக்கா இது, திரையில சாரைப்பாம்பு ஓடுது?"

"பாம்பு இல்லடா, உன் சுத்தியல். இங்க பாரு. இது தூணோட தலை, இது அடிமுனை. நீ போடுற அடி இப்படியே கீழ இறங்குது."

அவன் குனிந்து பார்த்தான். பட்டை வலது ஓரத்தைத் தொட்டதும் திரும்பியது. திரும்பும்போது அது சிவப்பாக இல்லை, நீலமாகிவிட்டது.

"நிறம் மாறுதே?"

"அடியில கெட்டித்தரை இருந்தா மாறாது. கீழ வெறும் சேறு, பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. நெருக்கிக்கிட்டுப் போன அடி, திரும்பி வரும்போது இழுத்துக்கிட்டு வருது."

"காங்கிரீட்டுக்கு இழுத்தா தாங்காதே."

"அதான்டா விஷயமே!"

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுத்தியலின் உயரத்தை மாற்றச் சொன்னான், பைலின் நீளத்தைக் கூட்டச் சொன்னான், ஒவ்வொரு தடவையும் பட்டை எப்படித் திரும்புகிறது என்று பார்த்தான். "இவ்வளவு நாள் மண்டையில அடிச்சுக்கிட்டு இருந்தேன், உள்ள இப்படி ஒண்ணு ஓடுதுன்னு எவனும் சொல்லலியே" என்றான். இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டுக் கீழே போனான். படிப்பு முடிந்து ரொம்ப நாளைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது அந்த மத்தியானம்தான்.

ஆனால் நீலம் வெளிறித்தான் இருந்தது. காங்கிரீட் தாங்கிக்கொள்ளும் அளவுதான். விரிசல் விழுகிற அளவுக்கு இல்லை. மறுநாள் அலுவலகத்தில் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். சேற்றின் ஆழத்தைக் கூட்டினாள். காங்கிரீட்டின் பலத்தைக் குறைத்தாள், அதாவது சாந்து மாமா உண்மையிலேயே சிமென்ட் திருடியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. காங்கிரீட் பரிசோதனையில் வந்த பலத்தைவிட மிகவும் கீழே இறக்கினால் ஒழியக் கணக்கு ஒத்துவரவில்லை. கடைசியில்தான் குஷனைத் தொட்டாள். அதுவரை புதுப் பலகை என்றே வைத்திருந்தாள். அடி வாங்கி வாங்கி நசுங்கி, கருகி, கல்லாகிப்போன பலகை என்று மாற்றினாள்.

பட்டை மெலிந்து கூர்மையானது. கீழே போனது. திரும்பியது. தூணின் நடுவில் கட்டங்கள் கருநீலமாக மாறின, வளையல் விழுந்திருந்த அதே இடத்தில்.

அவள் கையைத் தட்டியேவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

குஷனை மாற்றுவது பைல் சூப்பர்வைசரின் பொறுப்பு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மேற்குப் பக்கத்துச் சூப்பர்வைசர் யார் என்பதும் தெரியும். தெரிந்தது, ஆனால் அந்தச் சமயத்தில் அந்த இரண்டும் அவளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கட்டங்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

ஒட்டியது சாயங்காலம்தான். கூட்டம் மறுநாள் காலை என்று சீஃப் சொல்லிவிட்டிருந்தார். தம்பி அவள் மேஜைக்கு வந்து மேஜை விளிம்பில் உட்கார்ந்தான்.

"என்னக்கா, யாரு தலை உருளப் போகுது?"

விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் திரையை அவனுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டாள். "நாளைக்குக் கூட்டத்துல பாரேன்" என்றாள்.

"சாந்து மாமா தப்பிச்சாரா? அதை மட்டும் சொல்லு."

"தப்பிச்சாரு."

"அப்பாடா. பாவம் அந்த மனுஷன்" என்று எழுந்து போனான். யார் மாட்டினார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்று பின்னாளில் அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"ஆபீஸ் விஷயம். நாளைக்கு எல்லாருக்கும் தெரியத்தானே போகுது. முன்னாடியே சொன்னா, தம்பிக்குத் துப்புக் கொடுத்துட்டேன்னு பேசமாட்டாங்களா?"

"துப்புக் கொடுக்கச் சொல்லல. கேட்டுப் பாரேன். ஏன் மாத்தலன்னு கேட்டா என்ன?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. படியில் பாதிவரை இறங்கினாள். கீழே அம்மாவும் அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஏதோ நகைச்சுவை ஓட, அவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்துப் புரையேறிக்கொண்டிருந்தான். அம்மா அவன் தலையில் தட்டிக்கொண்டே திட்டினாள். அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். சாப்பிடும்போது எதற்கு என்று திரும்பி ஏறிவிட்டாள். நியாயம், நடுநிலை என்று மனசுக்குள் பெரிய பெரிய வார்த்தைகள் ஓடின. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பட்டை நீலமாகத் திரும்புவதைச் சீஃப் முதல்முதலாகப் பார்க்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. முன்னாலேயே பேசி அதைக் கலைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

கூட்டம் ஆற்றங்கரையில் கண்டெய்னர் பெட்டியை வெட்டிச் செய்த அலுவலகத்தில் நடந்தது. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. சீஃப், மேனேஜர், தம்பி, இன்னும் சில பொறியாளர்கள். பின்சுவரை ஒட்டிச் சாந்து மாமா நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் நன்றாகப் பேசினாள். அதுவரை அவ்வளவு நன்றாகப் பேசியதே கிடையாது. அடியைக் காட்டினாள், பட்டை இறங்குவதைக் காட்டினாள். நீலம் திரும்பியதும் சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதை ஸ்ப்ரெட்ஷீட்லயா போட்டீங்க?" என்றார். அறை முழுக்கச் சலசலப்பு. தம்பி பக்கத்திலிருந்தவனிடம், "எங்க வீட்டு டைனிங் டேபிள்ல பிறந்தது இது" என்று பெருமையாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அதன் பிறகு காங்கிரீட்டில் குறையில்லை என்று காட்டினாள். கடைசியாகக் குஷனை மாற்றினாள். நடுத்தூணில் கருநீலம் படர்ந்தது.

"குஷன் செத்துப்போயிருந்தா மட்டும்தான் இந்த இடத்துல இந்த விரிசல் விழும். வேற எதுக்கும் கணக்கு ஒத்துவரல" என்று முடித்தாள்.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆக, குஷனை மாத்தல. மாத்துற பொறுப்பு யாரோடது?"

கைதட்டல் நின்றது. அப்போதுதான் அவள் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"என்னோடதுதான் சார்."

"ஏன் மாத்தல?"

அவன் வாயைத் திறந்தான். மேனேஜரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தெருவில் போகும்போது தெரிந்தவர் என்று நினைத்துக் கூப்பிட்டு, அவர் திரும்பியதும் வேறு ஆள் என்று தெரிந்தால் ஒரு முகம் வருமே, அப்படி இருந்தது.

"தப்புதான் சார்" என்றான்.

அவ்வளவில் கூட்டம் முடிந்துவிட்டது. சாந்து மாமா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார், அழுகைதான் வந்தது. அவருடைய தோளுக்குமேல் அவள் கண்கள் தம்பியைத் தேடின. அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலருகே நின்றிருந்தான். அவள் அவனிடம் போனாள்.

"டேய்..."

"ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்றான். உதட்டோரம் ஒன்றும் நெளியவில்லை. வெளியே போய்விட்டான். அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் வீடு திரும்பினாள்.

அவனைப் பைல் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். ஆணி, போல்ட் எண்ணுகிற வேலை. கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு வேலையை விட்டுவிட்டுக் கடல் கடந்து ஒரு துறைமுக வேலைக்குப் போனான். கிளம்புகிற அன்று காலை பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அவள் கணவரிடம், "மாமா, அம்மாவைப் பாத்துக்கோங்க" என்றான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளையும் சேர்த்து, வீட்டையும் சேர்த்து, பொதுவாக "வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அம்மா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முன்பெல்லாம் படியடியில் நின்று, "ஏய், கீழ வந்து ஒரு வாய் சாப்பிடு" என்று கத்துகிற அம்மா, இப்போது கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

இதற்கிடையில் அந்த விரிதாள் நிறுவனத்தில் பிரபலமாகிவிட்டது. மற்றப் பாலங்களுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் வகுப்பு எடுக்கவேண்டும். பட்டை நீலமாகத் திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது வாயைப் பிளப்பார்கள். அந்த இடம் வந்தால் அவள் சன்னலுக்கு வெளியே பார்க்கப் பழகிக்கொண்டாள்.

சாந்து மாமா ஓய்வுபெற்ற நாளில் யார்டில் சின்னதாக ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய பைல் அச்சுகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றார்கள். அவர் கையிலிருந்த பேப்பர் கப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"மேடம், போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். உங்க தம்பி ப்ளைவுட் கேட்டாரு."

"என்ன?"

"குஷனுக்கு. ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடையா நடந்தாரு. நான் பாத்தேன். என் யார்டு வழியாத்தானே போகணும். மேனேஜர் என் எதிர்லயே சொன்னாரு. 'லோடு வர நாளாகும், இருக்கிறத வெச்சு ஓட்டு, வேலை நிக்கக்கூடாது'ன்னு. இவரு வேண்டாம் சார்னு எவ்வளவோ சொன்னாரு."

"அன்னிக்குக் கூட்டத்துல நீங்களும்தானே இருந்தீங்க மாமா. ஏன் சொல்லல?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "அதுவரைக்கும் கத்தி என் கழுத்துல இருந்துச்சு. அப்பத்தான் விலகிச்சு. வாயைத் திறந்தா மறுபடி என் பக்கம் திரும்பிடுமோன்னு... பயந்துட்டேன் மேடம்."

அவரைக் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவருக்காவது கழுத்தில் கத்தி இருந்தது. தனக்கு என்ன இருந்தது? படியில் பாதி தூரம் இறங்கிவிட்டுத் திரும்பியவள் தானே. சேற்றைக் கேட்டாள், சிமென்ட்டைக் கேட்டாள், பலகையைக் கேட்டாள். எத்தனையோ விதமாக மாற்றி மாற்றிக் கேட்டாள். தூணுக்கருகில் நாளெல்லாம் நின்றவனை, அதுவும் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தவனை, ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாளே சீஃபைப் போய்ப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மேனேஜர் அதற்குள் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போயிருந்தார். "எல்லாம் முடிஞ்சுபோச்சேம்மா. பாலமும் கட்டி முடிச்சாச்சு. இப்ப கிளறி என்ன ஆகப்போகுது?" என்றார். ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. அவரை நச்சரித்து, பலகை கேட்டும் கிடைக்கவில்லை என்பதைப் பழைய அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கவைத்தாள். அதைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். 'எனக்குத் தெரியாமப் போச்சுடா' என்று கீழே எழுதினாள். அவன் பார்த்துவிட்டான் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை.

சில வருஷங்கள் ஓடின. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அறுவைசிகிச்சைக்குத் தம்பி வந்தான். கறுத்து, கொஞ்சம் பருத்து, காதோரம் நரைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்படும்போது, "மாத்திரை குடுத்தாச்சு," "டாக்டர் பதினொரு மணிக்கு வருவாராம்" என்ற அளவில் பேச்சு நடந்தது. மரியாதையாகப் பேசினான். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

அம்மாவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்த ஒரு காலை நேரத்தில், தாழ்வாரத்தில் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் இரண்டு பேரும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஆரம்பித்தாள்.

"ப்ளைவுட் கேட்டேன்னு அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா."

சொன்ன பிறகுதான், மறுபடியும் குற்றத்தை அவன் பக்கமே தள்ளுகிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சொன்னான். "உன் படம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல நின்னு நான் என்ன சொன்னாலும் சாக்கு மாதிரிதான் இருந்திருக்கும். அதுவும் இல்லாம, நீ சொன்னது சரிதானே? பலகை செத்துப்போச்சு, நான் அடிச்சேன். நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. அதுக்கு உன்மேல எனக்கு என்ன கோபம்?"

"அப்புறம் ஏன்டா?"

தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று கடந்துபோனது.

"முந்தின நாள் சாயங்காலம் உன் டேபிள்ல வந்து உக்காந்தேன். உனக்கு அப்பவே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அதான்" என்றான். "கூட்டத்துல நான் பெருமை பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்க வீட்டு டேபிள்ல பிறந்ததுன்னு. எல்லாரும் கேட்டாங்க. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் கூசுது."

அவளுக்கு அழுகை வந்தது. "மன்னிச்சுடு" என்றாள். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். வெளியே வந்தபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

"மன்னிச்சாச்சு. அதெல்லாம் என்னிக்கோ ஆச்சு" என்றான். சொல்லிவிட்டு, "டீ வாங்கிட்டு வரட்டா?" என்று எழுந்தான். அவளுக்குச் சர்க்கரை இல்லாமல், சரியாக நினைவு வைத்து வாங்கிவந்தான். குடித்தார்கள். மன்னிப்புக் கிடைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, அப்படி ஆகவில்லை. தன்னைக் கேலி செய்து, பட்டப்பெயர் வைத்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்துகிற அந்தத் தம்பி எங்கேயோ போய்விட்டான். பக்கத்தில் இருந்தவன் நல்ல மனிதன். அக்கா என்பதற்காகச் செய்யவேண்டியதை ஒரு குறை வைக்காமல் செய்கிறவன்.

அம்மா எழுந்து கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும் அவன் கிளம்பினான். விமான நிலையத்துக்குத் தானே கொண்டுவிடுவதாகச் சொன்னாள். "உனக்கு எதுக்கு அலைச்சல், வண்டி சொல்லிட்டேன்" என்றான். அவள் பிடிவாதமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை கூடவே நடந்தாள். வண்டிக்காரர் அங்கேதான் நிறுத்தியிருந்தார். பையை வாங்கிக்கொள்ளும்போது, "அம்மாவைப் படியேற விடாதே" என்றான். இந்தத் தடவை அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

மறுநாள் காலை அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மாவின் ஃபோனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஃபோனைத் தூரமாக நீட்டிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"போய்ச் சேந்துட்டானாம். அங்க மழையாம்." பின்னால் நின்று வாரிக்கொண்டிருந்தவளுக்கும் திரை தெரிந்தது; அதில் அவ்வளவுதான் இருந்தது. "உன்னையும் கேட்டதாச் சொல்லச் சொல்லியிருக்கான்."

சொல்லிவிட்டு அம்மா ஃபோனைச் சட்டென்று மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவள் சீப்பை நிறுத்தவில்லை. "சரிம்மா. நானும் கேட்டதாப் போட்டுடு" என்றாள். அம்மாவின் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள்.